மிதிக்காமல் வந்த பன்னிரண்டு வாட்

மனித குலத்தின் ஆகப் பெரிய உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஞானிகள் காலம் காலமாகத் தேடி அலைந்தார்கள். அது சைக்கிளின் இடது கிராங்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பெருமை காஞ்சிபுரத்தைச் சேரும். இன்னும் குறிப்பாகச் சொன்னால், பன்னிரண்டு உறுப்பினர்களைக் கொண்ட எங்கள் 'காஞ்சி வாட் மிதிவண்டிக் கழக'த்தைச் சேரும். கோயிலும் பட்டும் இந்த ஊரின் பழைய பெருமைகள். புதுப் பெருமை நாங்கள்தான்.

நான் கழகத்தின் செயலாளர்; பெயர் பழனி. சைக்கிள் மிதிப்பதற்கு என் மூட்டு ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் உறுப்பினர்கள் முன்னால் மிதித்துப் போக, நான் பின்னால் மொபெட்டில் போய் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறேன். வாரத்தின் மற்ற நாட்களில் கழகத் தலைவர் உதயகுமார் அவர்களின் பட்டுக் கடையில் கணக்குப்பிள்ளை. நெசவாளிகளுக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பது, அவர்கள் நெய்து கொண்டுவரும் சேலையை நிறுத்து வாங்குவது, கொடுத்த எடைக்கு வந்த எடை குறைந்தால் 'குறைவு' என்று எழுதுவது, எல்லாம் என் வேலை. துல்லியம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பவர் மீட்டர் என்பது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், ஒட்டிக்கொண்டிருக்கும் தீப்பெட்டி அளவுள்ள கருவி. நீங்கள் பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை அது உடனுக்குடன் வாட் கணக்கில் ஹேண்டில்பாரில் இருக்கும் திரைக்குச் சொல்லிவிடும். விலை, ஒரு நல்ல முகூர்த்தப் பட்டு. மிக்சிக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே வாட் உண்டு என்று நம்பியிருந்த அறியாமைக் காலம் எங்கள் ஊரில் முடிந்துவிட்டது. இப்போது உறுப்பினர்கள் வழியில் சந்தித்துக்கொண்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"எப்படி இருக்கீங்க?"

"நூத்தி தொண்ணூறு."

"போன வாரம் நூத்தி தொண்ணூத்தஞ்சு இருந்தீங்களே. டாக்டராண்ட காட்டினீங்களா?"

அரிசி மண்டி வைத்திருக்கும் உறுப்பினர் அர்ஜுனன், மீட்டர் வாங்கிய மறுநாளே அதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். பெயர் என்ன என்று பட்டர் கேட்டார். "பவர் மீட்டர்" என்றார் அர்ஜுனன். நட்சத்திரம் கேட்டதற்கு, "பெட்டி மேல தேதி போட்டுக்குது சாமி, நீங்களே பாத்துக்குங்க" என்றார். பட்டர் பெருமாளை ஒரு தடவை பார்த்துவிட்டு அர்ச்சனையைத் தொடர்ந்தார்.

இப்படி அறிவியல் தழைத்தோங்கிய கழகத்துக்கு இந்த வருஷம் ஒரு சோதனை வந்தது. ஏலகிரியில் மாநில அளவில் மலையேற்ற சைக்கிள் போட்டி. ஒரு கழகத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர், தலைவரின் புதல்வர் கமல். எண்பத்தெட்டு கிலோ. அவருடைய சைக்கிளோ ஏழே கிலோ. ஒரு விரலில் தூக்கலாம். இன்னொருத்தி காயத்ரி, கூரியர் கம்பெனியில் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். எங்கள் கடைக்கு நெய்து கொடுக்கும் பிள்ளையார்பாளையம் கந்தனின் மகள். கழகத்தின் அறிவிப்புப் பலகையில் 'மகளிருக்கும் இடமுண்டு' என்று அழகுக்காக எழுதி வைத்திருந்தோம். அவள் அதை உண்மையென்று நம்பி வந்துவிட்டாள்.

ஏலகிரியில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனு போடலாம். காயத்ரிக்கு மனு போட வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. கமலுக்கு அந்தச் சான்றிதழ் தலைவரின் வரவேற்பறைச் சுவருக்குத் தேவைப்பட்டது.

தேர்வு முறை எளிமையானது. திருப்பருத்திக்குன்றம் சாலையில் இருபது நிமிஷம் மிதிக்க வேண்டும். சராசரி வாட் யாருக்கு அதிகமோ அவருக்கு இடம். மலையேற்றம் என்பதால் வாட்டை அவரவர் உடல் எடையால் வகுத்துப் பார்ப்பதுதான் உலக வழக்கம் என்று சைக்கிள் கடை குரு சொன்னார். குருதான் கழகத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. வகுத்தல், பிரித்தல் எல்லாம் கழகத்தின் ஒற்றுமைக்கு ஆகாது என்று தலைவர் அதைத் தள்ளுபடி செய்தார்.

கமல் தன் சொந்த மீட்டரோடு மிதித்தார்: இருநூற்று இருபத்தாறு வாட். காயத்ரிக்கு மீட்டர் கிடையாது. கழகத்தின் பொது மீட்டரைக் குரு அவள் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தார். அவள் மிதித்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் மொபெட்டை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இருநூற்று முப்பத்திரண்டு.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் சுருக்கமாகப் பேசினார்.

"மீட்டர் தப்பு."

"எந்த மீட்டர் சார்?" என்றார் குரு.

"அதிகமா காட்டினது."

"கம்மியா காட்டினதும் தப்பா இருக்கலாமே சார்."

"கம்மியா காட்டி அந்த மீட்டருக்கு இன்னாபா லாபம்?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிரே நிற்க யாராலும் முடியவில்லை. குரு மட்டும் மெல்ல எழுந்தார். மீட்டர் சரியா தப்பா என்று பார்க்க உலகம் முழுக்க ஒரு வழி இருக்கிறது என்றார். கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்திப் பின் சக்கரத்தைப் பூட்டிவிட வேண்டும். பெடலில் ஓர் எடையைத் தொங்கவிட வேண்டும். மீட்டர் எத்தனை கிலோ என்று உணர்கிறதோ அதைச் செல்போன் காட்டும். தொங்குவது இருபது கிலோ, காட்டுவதும் இருபது என்றால் மீட்டர் சரி.

"எடை மட்டும் நமக்கு நல்லாத் தெரிஞ்ச எடையா இருக்கணும்" என்றார் குரு.

"நம்ம மண்டியில இருபது கிலோ படிக்கல்லு இருக்குதுபா, நான் எடுத்தாறேன்" என்றார் அர்ஜுனன்.

உறுப்பினர்களில் ஒன்பது பேர் அவர் மண்டியில் அரிசி வாங்குகிறவர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைத் தேடினார். கடைசியில் ஒருவர், "வேணாம்பா, எதுக்கு உனக்கு வீண் சிரமம்" என்றார்.

தலைவர் எழுந்து நின்றார். "காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு எடைக்கு ஊரெல்லாம் தேடுவாங்களா? பட்டு இருக்குது. என் நூல் ரூம்ல பெங்களூர்லேர்ந்து வந்த சிப்பம் இருக்குது. இருபது கிலோ, லேபிள் ஒட்டி சீல் வெச்சி வந்தது. அத்த மாட்டு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நூல் அறையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது கடையின் பின்கட்டில் வெயில் எட்டிப் பார்க்காத மூலையில் இருக்கிறது. ஜன்னலுக்கு ஆணி அடித்திருக்கிறோம். தரையில் தினமும் தண்ணீர் தெளித்து, கதவில் ஈரச் சாக்கு தொங்கவிடுகிறோம். பட்டுக்குச் சூடு ஆகாது என்பது தலைவரின் அப்பா, பெரிய முதலாளி காலத்து ஏற்பாடு. காற்றில் ஈரம் இருந்தால் பட்டு அதைச் சத்தமில்லாமல் குடித்துக்கொள்ளும். குடித்ததை வெளியே காட்டாது. தொட்டால் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். எடை மட்டும் ஏறியிருக்கும். அந்த ஜில்லென்ற நூலைத்தான் நெசவாளிகளுக்கு நிறுத்துக் கொடுப்போம். அது அவர்கள் வீட்டுத் தறியில் பதினைந்து நாள் காற்றாடிச் சேலையாகத் திரும்பும்போது குடித்த தண்ணீரெல்லாம் போயிருக்கும். குறைகிற கிராமுக்கு நெசவாளி பொறுப்பு. இதற்கு வேறு இடங்களில் வேறு பெயர் இருக்கலாம். எங்கள் கடையில் 'பராமரிப்பு' என்று பெயர்.

தலைவர் அந்த அறைக்குள் கால் வைத்துப் பல வருஷமாகிறது. பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பு. ஆனால் எடை குறைந்ததென்று புலம்ப வரும் நெசவாளிகளிடம் 'பட்டு எடை மாறாது' என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அது வாய்ப்பாடு ஆகிவிட்டது. இரண்டும் இரண்டும் நாலு என்பதை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

"சார், மாட்டறதுக்கு முன்னாடி கடைத் தராசுல ஒரு தபா வெச்சிப் பாத்துடலாமே" என்றார் குரு.

"சோதனை ஞாயித்துக்கெழமை. அன்னைக்குத் தராசுக்கு லீவு. லேபிள் இருக்கும்போது தராசு எதுக்குபா? பட்டு எடை மாறாது. எழுதிக்கோ பழனி, தீர்மானம் ஒண்ணு."

'பட்டின் எடை எக்காலத்தும், எவ்விடத்தும், எக்காரணம் பற்றியும் மாறாது' என்று எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது. ஈரச் சாக்கைத் தினம் மாட்டுகிற கையாலேயே அதை எழுதினேன் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, கடையின் பின்முற்றத்தில் சோதனை தொடங்கியது. நூல் அறையிலிருந்து சிப்பத்தை நானே தூக்கிவந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தது போல் குளுகுளுவென்று இருந்தது. காயத்ரி தன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, குரு பெடலில் கயிறு கட்டிச் சிப்பத்தைத் தொங்கவிட்டார். எல்லோரும் செல்போனைப் பார்த்தோம்.

இருபத்தொன்று.

"பாத்தியா! இருபதைப் போய் இருபத்தொண்ணுன்னு காட்டுது. நான் இன்னா சொன்னேன்?" என்றார் தலைவர்.

பொய் சொல்லும் மீட்டருக்கு ஏற்ற திருத்தத்தைக் குரு கணக்குப் போட்டார். இருநூற்று முப்பத்திரண்டு, இருநூற்று இருபத்தொன்றாகச் சுருங்கியது. கமலுக்கு இருநூற்று இருபத்தாறு. கைதட்டல் எழுந்தது. காயத்ரி சைக்கிள் ஹேண்டிலை விடவேயில்லை.

"அவரு மீட்டர்லயும் இதே சிப்பத்த மாட்டணும் மொதலாளி" என்றாள்.

"அது வெளிநாட்டு மீட்டர்மா."

"இருக்கட்டும் மொதலாளி. என்னுத மட்டும் செக் பண்ணா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

ஊர் என்ற சொல்லுக்குத் தலைவர் எப்போதும் கட்டுப்படுவார். "சரிமா. நம்மகிட்ட ஒளிவு மறைவு கெடையாது. கமலு வரட்டும்."

கமல் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருடைய சைக்கிள் அவருடைய படுக்கையறையில் ஏ.சி.யில் இருந்தது. இரண்டையும் ஒருசேர எழுப்பிக் கொண்டுவர மதியமாகும் என்று வீட்டிலிருந்து தகவல் வந்தது. காயத்ரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பார்சல் உண்டு. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மிதித்துப் போனாள்.

இடைப்பட்ட நேரத்தைக் கழகம் வீணாக்கவில்லை. இட்லி, வடை, தலைவரின் உரை. பிறகு முகநூல் பக்கத்துக்குப் படம். வெறும் சைக்கிளைப் படம் எடுத்தால் எடுப்பாக இருக்காது என்று அர்ஜுனனுக்குத் தோன்றியது. சிப்பத்தைப் பிரித்தார்கள். மஞ்சளும் அரக்குமாக இருந்த நூல் சிட்டங்களை ஒவ்வொன்றாக உதறி, முற்றத்தின் துணிக்கொடியில் தோரணமாக மாட்டினார்கள். அதன் முன்னால் நின்று வந்திருந்த எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். படம் எடுத்து முடித்ததும் வெயில் தாங்காமல் உள்ளே போய்விட்டார்கள். சிட்டங்கள் கொடியிலேயே தொங்கின.

கத்திரி வெயில். முற்றத்துத் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான் நிழலில் நின்று அந்தப் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'காயுது, உள்ள எடுத்து வைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பராமரிப்பாளர் என்ற முறையில் அது என் கடமையும்கூட. ஏனோ எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே நின்றிருந்தேன்.

மூன்று மணிக்குக் கமல் சைக்கிளோடு வந்தார். காயத்ரியும் பார்சல் பையோடு வந்து சேர்ந்தாள். சிட்டங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சேர்த்துப் பழையபடி சிப்பமாகக் கட்டினோம். ஒரு நூல்கூடக் குறையவில்லை என்று தலைவரே மேற்பார்வையிட்டார். குரு அதைக் கமலின் பெடலில் தொங்கவிட்டார்.

பத்தொன்பது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அர்ஜுனன் குதித்தார். "இருபதப் போய் பத்தொம்போதுன்னு கம்மியா காட்டுது! அப்போ நம்ம கமலு இவ்ளோ நாளா அதிகமாத்தான் மிதிச்சிக்கினு இருந்துக்குறாரு!"

குரு தலையைச் சொறிந்துகொண்டே கணக்குப் போட்டார். இருநூற்று இருபத்தாறு, இருநூற்று முப்பத்தெட்டாக உயர்ந்தது. மிதிக்காமல், வியர்க்காமல், தூங்கி எழுந்து வந்ததற்கே பன்னிரண்டு வாட். தலைவர் மகனைக் கட்டிக்கொண்டார். மனித ஆற்றலின் வரலாற்றில் இதற்கு இணையான சாதனை உண்டா என்று நான் குறிப்பில் ஒரு கேள்வியும் எழுதினேன்.

"பழனி, முடிவை எழுது. காயத்ரி இருநூத்தி இருபத்தொண்ணு. கமலு இருநூத்தி முப்பத்தெட்டு."

"ஒரு நிமிசம் மொதலாளி" என்றாள் காயத்ரி. "சிப்பத்த அவுக்காம அப்படியே எடுத்து என் பெடல்ல மாட்டுங்க."

"உன்னுதுதான் காலைல பாத்தாச்சேமா."

"இப்பவும் பாருங்க. பட்டு எடைதான் மாறாதே."

தீர்மானம் ஒன்று அவள் பக்கம் நின்றது. மறுக்க வழியில்லை. குரு மாட்டினார்.

பத்தொன்பது.

எல்லோரும் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள்.

"காலைல இருபத்தொண்ணு காட்டின அதே மீட்டர். அதே பெடல். இப்போ பத்தொம்போது" என்றாள் காயத்ரி. "குருண்ணா, நீங்க போட்ட கணக்கையே எனக்கும் போடுங்க."

குரு போட்டார். திருத்தப்பட்ட காயத்ரியின் வாட் இருநூற்று நாற்பத்து நான்கு. திருத்தப்பட்ட கமலைவிட ஆறு அதிகம்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உறுப்பினர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பட்டு ஈரம் குடிக்கும், வெயில்ல வெச்சா காயும். ஊருக்கே தெரிஞ்ச விசயம்தானேபா" என்றார் அர்ஜுனன். "காலைல அது நெசமாவே இருபத்தொண்ணு இருந்துக்குது. இப்போ நெசமாவே பத்தொம்போது. ரெண்டு மீட்டரும் சரின்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

"சொன்னா சீட்டு அந்தப் பொண்ணுக்குப் போயிடும்" என்றார் இன்னொருவர்.

"சொல்லலன்னாலும் போவுதேபா. இருநூத்தி நாப்பத்திநாலு ஆயிடுச்சே" என்றார் அர்ஜுனன்.

"அட, சொன்னா நூல் ரூமும் சேந்து போயிடும்பா!" என்று கத்தினார் தலைவர். கத்திய பிறகுதான் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

ஆனால் தலைமைப் பண்பு என்பது நெருக்கடியில்தான் தெரியும். ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது தெளிவாக இருந்தார். "எழுது பழனி. தீர்மானம் ரெண்டு. காயத்ரிக்குக் காலை எடை. கமலுக்கு சாயங்கால எடை. அவங்கவங்களுக்கு மொத தபா இன்னா வந்துச்சோ அதான் செல்லும்."

நான் பேனாவை எடுத்தேன். காயத்ரி சிரித்துவிட்டாள். அது சந்தோஷச் சிரிப்பு அல்ல.

"இத்தத்தானே மொதலாளி எங்க வீட்டுக்கும் பண்றீங்க? எங்களுக்குக் குடுக்கும்போது காலை எடை. எங்கள்ட்ட வாங்கும்போது சாயங்கால எடை." அவள் பார்சல் பையைக் கீழே வைத்தாள். "போன தை மாசம் சேலைக்கு முப்பது கிராம் கொறையுதுன்னீங்க. எங்க அப்பா நூல திருடி வித்துட்டாருன்னு இதே கடை வாசல்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சீங்க. பட்டு எடை மாறாதுன்னு அன்னைக்கும் சொன்னீங்க. அவரு வீட்டுக்கு வந்து மூணு நாள் சோறு துன்னல."

அந்த முப்பது கிராமை எழுதியது நான். கந்தன் அன்றைக்கு என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், முதலாளியைப் பார்க்கவில்லை. நான் நோட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. செயலாளர்கள் இப்படியெல்லாம் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டாடி, எனக்கு ஏலகிரி வேணாம் டாடி. மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. அவங்களே போகட்டும், ப்ளீஸ்." அந்தக் கழகத்தில் அன்று வரை யாரும் தன் வாட்டைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

தலைவர் மகனைப் பார்த்தார். நூல் அறையின் கதவைப் பார்த்தார். எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பெருந்தன்மை பொங்க எழுந்து நின்று, மகளிர் முன்னேற்றத்தில் கழகத்துக்கு இருக்கும் அக்கறையைக் கருதி அந்த இடத்தைக் காயத்ரிக்கு வழங்குவதாக அறிவித்தார். நானும் அப்படியே எழுதினேன். அவள் ஏலகிரியில் ஏழாவதாக வந்து, சான்றிதழோடு மனுவும் போட்டுவிட்டாள் என்பது பின்னால் நடந்தது.

"தீர்மானம் ரெண்டையும் அடிச்சிடு பழனி" என்றார் தலைவர். "காலைக்கும் சாயங்காலத்துக்கும் வந்த வித்தியாசத்த 'அளவுப் பிசகு'ன்னு போட்டு முடி." பிறகு காயத்ரி பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தாமா, எந்த அளவையிலயும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். உலகம் பூரா அப்படித்தான். நம்ம நூல் ரூம்லயும் ஏதோ ஒண்ணு ரெண்டு கிராம் பிசகு நடந்துக்கலாம். அத்தப் போயி பெருசு பண்ணிக்கினு..."

குரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "பிசகுன்னா ஒரு தபா மேல போவும், ஒரு தபா கீழ போவும் சார்" என்றார். "ஒரே பக்கமா போனா அதுக்குப் பிசகுன்னு பேர் இல்ல."

காயத்ரி நேராக என்னிடம் வந்தாள்.

"பழனிண்ணா, எடை போட்டு எழுதினது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு தபாவாவது எங்க அப்பாவுக்கு, இல்ல வேற யாராவது நெசவுக்காரங்களுக்கு, கிராம் கூட வந்துக்குதா?"

தலைவர் என்னைப் பார்த்தார். உறுப்பினர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தேன். இருபத்திரண்டு வருஷம். வாரத்துக்கு நாற்பது சேலை. மழைக்காலம், பனிக்காலம், கோடை. புதுத் தராசு, பழைய தராசு. எல்லாவற்றையும் நிதானமாக நினைவில் புரட்டிப் பார்த்தேன். துல்லியத்துக்காகவே வாழ்ந்தவன் அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

"இல்லம்மா," என்றேன். "ஒரு கிராம்கூடத் தவறி உங்க பக்கம் வந்ததில்ல. நம்ம கடை அவ்ளோ துல்லியம்."